ரென் கெட்டானா, கெடுக்கப்பட்டானா?

குகை_வாசகி:
பிரிஜிட் கெம்மரரின் 'எ ஹார்ட் ஸோ ஃபியர்ஸ் அண்ட் புரோக்கன்' (2020) நேற்று ராத்திரி முடித்தேன். எரிச்சலில் தூக்கம் வரவில்லை. முதல் பாகம் படிக்காதவர்களுக்காக: அழகியும் மிருகமும் கதைதான், இருட்டு கொஞ்சம் கூடுதல். சூனியக்காரி லிலித்தின் சாபத்தால் இளவரசன் ரென் ஒரே இலையுதிர்காலத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான், ஒவ்வொரு முறையும் மிருகமாகிறான். வாஷிங்டனிலிருந்து ஹார்ப்பர் என்கிற பெண் வருகிறாள். கடைசிவரை கூட நின்றவன் காவல் தளபதி கிரே. அவ்வளவு பாடுபட்டு மீண்ட ரென், இந்தப் பாகத்தில் அதே கிரேயையும் டைக்கோ என்கிற சின்னப் பையனையும் சவுக்கால் அடிக்க வைக்கிறான்! கிரேயை நாயகனாக்க ரென்னைப் பலி கொடுத்துவிட்டார் ஆசிரியர்.

இருபதாவது_வளைவு:
ஏற்காட்டிலிருந்து மறுப்பு தெரிவிக்கிறேன் அக்கா. முதல் பாகத்தைச் சொன்னது ரென்னும் ஹார்ப்பரும். இதைப் பெரும்பாலும் சொல்வது கிரேயும் எதிரி நாட்டு இளவரசி லியா மாராவும். ரென் சொல்லும்போது அவனுடைய பயம் நமக்கு நியாயமாகப் பட்டது. அடி வாங்குகிறவன் சொன்னால் வேறு மாதிரிதானே தெரியும்? சமாதானம் பேச வந்த லியா மாராவையே சிறைப்பிடிக்கிறான். அவளுக்கு அவன் நல்லவனாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஐந்துரோடு_அண்ணன்:
கூத்தில் கர்ண மோட்சம் பார்த்தவன் எவனும் கிரேயை விட்டுக்கொடுக்க மாட்டான். ரென்னுக்கு அண்ணன், அரியணைக்கு உரியவன், அது தெரிந்தும் வாய் திறக்காதவன். தருமனிடம் சொல்லாதே, தெரிந்தால் நாட்டை என்னிடம் கொடுத்துவிடுவான் என்று கர்ணன் கிருஷ்ணனிடம் கேட்டுக்கொள்வானே, கிட்டத்தட்ட அதே மனசு.

குகை_வாசகி:
சரி அண்ணா. ஆனால் கர்ணனுக்காக நம்மை அழவைக்க, தருமன் கையில் சவுக்கைக் கொடுத்ததா கூத்து?

ஐந்துரோடு_அண்ணன்:
நல்ல அடி. ஆனால் தருமனுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. ரென்னுக்குப் பாதி தெரியும். மந்திர ரத்தமுள்ள வாரிசு ஒருவன் எங்கோ இருக்கிறான், யார் என்பது கிரேவுக்குத் தெரியும், அவனோ சொல்ல மறுக்கிறான். முழுக்கத் தெரியாதவன் நிம்மதியாகத் தூங்குவான்.

இருபதாவது_வளைவு:
மந்திரம் என்ற சொல்லே அவனுக்கு லிலித்தான், அதை மறக்காதீர்கள். அழகியும் மிருகமும் கதையை 1756-இல் பிரெஞ்சு எழுத்தாளர் போமோன் சுருக்கி எழுதிய வடிவத்தில் சாபம் கொடுத்தவள் வெறும் கெட்ட தேவதை, அவ்வளவுதான். 1740-இல் இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் வில்நெவ் எழுதிய மூலக்கதையில் அவள் இளவரசனை வளர்த்தவள். அவனையே மணக்கக் கேட்டு, அவன் மறுத்ததும் மிருகமாக்குகிறாள். கெம்மரரின் லிலித்தும் அந்தச் சாயல்தான், ரென்னை விடாமல் சித்திரவதை செய்கிறாள். அப்படிப்பட்டவன் அடுத்த மந்திரவாதியை நினைத்து நடுங்கினால் அதைக் குணமாற்றம் என்று எப்படிச் சொல்வது?

குகை_வாசகி:
தம்பி, அவன் பயத்தைப் புரிந்துகொள்ள நான் 1740-க்குப் போக வேண்டுமா? சவுக்கை எடுக்கும் நேரத்தில் ரென்னையே கொஞ்சம் பேச விட்டிருந்தால் போதுமே! அதை ஆசிரியர் தரவில்லை. என் கோபம் அதில்தான்.

தட்டுவடை_செட்:
நான் முதல் பாகம் பாதியில் இருக்கிறேன். மொத்தத்தையும் போட்டு உடைத்துவிட்டீர்கள். வாழ்க.

குகை_வாசகி:
ஐயோ, மன்னிச்சுக்கோங்க. இன்னொன்று: ஹார்ப்பரைப் பற்றி யாருமே பேசவில்லை. பெருமூளை வாதத்தோடு பிறந்து, அந்த நடையோடே வாள் பிடிக்கக் கற்றவள். இந்தப் பாகத்தில் கைதிகள் தப்ப உதவிவிட்டு ஓரமாகப் போய்விடுகிறாள். முதல் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியதே அவள்தான்.

இருபதாவது_வளைவு:
அதில் உங்கள் பக்கம்தான் நான். டைக்கோவை அடித்ததற்கும் என்னிடம் பதில் இல்லை. கிரேயிடம் கோபம் என்றால் கிரேயோடு போயிருக்க வேண்டும், பையன் என்ன செய்தான்? ஆனால் 2021-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ரென் மறுபடி பேசுகிறான். அதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள். என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்போது கொண்டுவரட்டுமா?

குகை_வாசகி:
கொண்டு வா. டைக்கோ விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. அப்புறம், அன்றைக்குத் தட்டுவடை செட் உன் செலவு.

தட்டுவடை_செட்:
என்னை எதற்கு இழுக்கிறீர்கள்?