கிளவுட்ஸ்டெக் 4.19: விஎம்வெயார் ஆதரவோடு டெப் பெக்கேஜ் கட்டுவது எப்படி?

லெப்_ஹட்டன்:

வணக்கம். ஹட்டனில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்துக்கு அப்பாச்சி கிளவுட்ஸ்டெக் 4.19 (பல சேர்வர்களில் ஓடும் விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓரிடத்திலிருந்து நடத்தும் மென்பொருள்) போடுகிறோம். மூலநிரலை எடுத்து டெப் பெக்கேஜை (உபுண்டு, டெபியனில் நிறுவும் கோப்பு) நாங்களே கட்டுகிறோம். கட்டும் மெஷினில் உபுண்டு 22.04, 8 ஜிபி ரெம். விஎம்களை ஓட்டும் ஹோஸ்ட் இரண்டு: ஹைப்பர்வைசராக (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ஒன்றில் லினக்ஸின் கேவிஎம், மற்றதில் விஎம்வெயாரின் இஎஸ்எக்ஸ்ஐ 7.

கொடி (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) எதுவும் கொடுக்காமல் கட்டினால் பெக்கேஜ் வருகிறது, நிறுவ முடிகிறது, கேவிஎம் ஹோஸ்டும் சேர்கிறது. ஹைப்பர்வைசர் பட்டியலில் விஎம்வெயாரும் தெரிகிறது. ஆனால் அதைத் தெரிவு செய்து சோன் (ஒரு டேட்டாசென்டருக்கு இணையான பிரிவு) உருவாக்கப் போனால் 'எட்விஎம்வெயார்டிசி' என்ற ஏபிஐ கட்டளையே இல்லை என்று நின்றுவிடுகிறது. நோரெடிஸ்ட் கொடியோடு (மறுபகிர்வு செய்ய முடியாத பகுதிகளையும் சேர்ப்பது) கட்டினால் 'விஎம்வெயார்-விம்25, 7.0' என்ற ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) கிடைக்கவில்லை என்று மேவன் (ஜாவா நிரலைக் கட்டும் கருவி) பாதியில் விழுகிறது.

அந்த ஜாரை எங்கே எடுப்பது, எங்கே வைப்பது? கட்டிய பெக்கேஜுக்குள் விஎம்வெயார் உண்மையாகவே இருக்கிறதா என்று நிறுவாமலே பார்க்க வழி உண்டா? இன்னொன்று: மழை தொடங்கினால் இங்கே இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும், கரண்டும் போகும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்காமல் கட்ட முடியுமா?

பதுளை_டெப்:

பட்டியலில் பெயர் தெரிவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். அது 'ஹைப்பர்வைசர்.லிஸ்ட்' என்ற குளோபல் செட்டிங்கிலிருந்து வருகிறது. அதன் இயல்பு மதிப்பிலேயே விஎம்வெயார் இருக்கிறது. விஎம்வெயாரோடு பேசும் பிளகின் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது கம்பைல் செய்யும்போது முடிவாகிற விஷயம். நிறுவிய பிறகு எந்த செட்டிங்கைத் திருப்பினாலும் வராது.

காரணம் லைசன்ஸ். விஎம்வெயாரின் எஸ்டிகே (நிரலாளருக்கான கருவித்தொகுப்பு) ஜார்களை அப்பாச்சி அறக்கட்டளை தன் வெளியீட்டோடு சேர்த்துப் பகிர முடியாது. அதனால்தான் அந்தப் பகுதி நோரெடிஸ்ட் என்ற கொடிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. மேவனின் பொதுக் களஞ்சியத்திலும் அந்த ஜார் இல்லை. நீங்களே வீட்டு அடைவில் உள்ள '.எம்2' களஞ்சியத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டேர்மினலில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.)

ஜார் வருவது விஸ்பியர் மெனேஜ்மன்ட் எஸ்டிகே என்ற ஸிப்பில். விற்பனையாளரின் டெவலப்பர் தளத்தில் கணக்கு திறந்து, நிபந்தனையை ஏற்றுக்கொண்டு இறக்க வேண்டும். ஸிப்பை விரித்து, விஸ்பியர்-டபிள்யூஎஸ் கோப்புறைக்குள் ஜாவா, அதற்குள் ஜேஏஎக்ஸ்டபிள்யூஎஸ், அதற்குள் லிப் என்று போனால் விம்25 ஜார் கிடைக்கும்.

அடுத்து, மூலநிரலின் 'டெப்ஸ்' கோப்புறையில் 'இன்ஸ்டோல்-நொன்-ஓஎஸ்எஸ்.எஸ்ஹெச்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் அதைத் திறந்து வாசியுங்கள். எந்தப் பெயரில் எந்த ஜாரை எதிர்பார்க்கிறது என்பது வரிவரியாக இருக்கும். உங்கள் பைலின் பெயரை அதற்கேற்ப மாற்றி அதே கோப்புறையில் வைக்க வேண்டும். நோரெடிஸ்ட் என்றால் விஎம்வெயார் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேறு நெட்வேர்க் தயாரிப்புகளின் ஜாரும் அந்தக் கொடிக்குள் வருகிறது. ஒன்று குறைந்தாலும் மொத்த பில்டும் நிற்கும். பதிப்பு எண், வேர் அடைவில் உள்ள 'பொம்.எக்ஸ்எம்எல்' பைலின் 'சிஎஸ்.விஎம்வெயார்.ஏபிஐ.வேர்ஷன்' மதிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அங்கே 7.0 என்றிருந்து நீங்கள் 6.7 ஜாரை ஏற்றியிருந்தாலும் இதே பிழைதான் வரும்.

ஸ்கிரிப்டை சூடோவோடு ஓட்ட வேண்டாம். ஓட்டினால் ஜார் ரூட்டின் வீட்டு அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சாதாரண பயனராகக் கட்டும்போது மேவனுக்குத் தெரியாது. டொக்கருக்குள் கட்டுவதானாலும் இதே கதை.

பிறகு கட்டுவது. முதலில் டெவ்ஸ்கிரிப்ட்ஸ், இக்விவ்ஸ் இரண்டையும் நிறுவி, 'எம்கே-பில்ட்-டெப்ஸ்' கட்டளைக்கு '-ஐ' கொடியையும் டெபியன் கோப்புறையில் உள்ள கண்ட்ரோல் பைலையும் கொடுத்தால் கட்டத் தேவையான எல்லாம் ஒரே அடியாக இறங்கும். 4.19க்கு ஜேடிகே 11. 'ஏசிஎஸ் பில்ட் ஒப்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் (எல்லாம் பெரிய எழுத்து, இடையில் அடிக்கோடு) '-டிநோரெடிஸ்ட் -டிஸ்கிப்டெஸ்ட்ஸ்' என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'டிபிகேஜி-பில்ட்பெக்கேஜ்' கட்டளையை '-பி -யூசி -யூஎஸ்' கொடிகளோடு ஓட்டுங்கள் (இங்கே 'பி' என்பது பைனரியின் முதல் எழுத்து). '-பி' இல்லாவிட்டால் மூலப் பெக்கேஜும் கட்ட முயலும், இடைமுகத்தின் நோட் மொடியூல்கள் உட்பட முழு மரத்தையும் சுருக்கிக்கொண்டு கிடக்கும். டெப் பைல்கள் ஒரு அடைவு மேலே வந்து விழும்.

8 ஜிபி போதும், டெஸ்டைத் தவிர்த்தால். மேவனுக்கு 4 ஜிபி ஹீப் கொடுங்கள். பழைய வழிகாட்டிகளில் மெக்ஸ்பெர்ம்சைஸ் என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள். ஜாவா 8 தொடக்கம் அதற்கு வேலையில்லை.

சரிபார்ப்பதற்கு: மெனேஜ்மன்ட் டெப்பை 'டிபிகேஜி-டெப் -எக்ஸ்' கொண்டு ஒரு தற்காலிக அடைவில் விரியுங்கள். உள்ளே கிளவுட்ஸ்டெக்-மெனேஜ்மன்ட் என்பதன் லிப் அடைவில் ஒரே பெரிய ஜார் இருக்கும். 'அன்ஸிப் -எல்' கொண்டு பட்டியல் எடுத்து, 'மெட்டா-இன்ஃப்' என்பதற்குள் கிளவுட்ஸ்டெக் அடைவில் விஎம்வெயார் என்று தொடங்கும் அடைவுகள் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் பிளகின் ஏறிவிட்டது. வெறுமனே விஎம்வெயார் என்ற சொல்லை முழு ஜாரிலும் தேடினால் மற்ற வகுப்புகளும் வந்து குழப்பும்.

லெப்_ஹட்டன்:

நன்றி அண்ணே. ஜார் ஏறிவிட்டது. ஆனால் இடையில் லைன் போனதால் வேறொரு சார்பு (நிரலுக்குத் தேவையான இன்னொரு நூலகம்) இறங்கவில்லை. இப்போது லைன் நன்றாக இருந்தும், 'முந்தைய முயற்சியில் கிடைக்கவில்லை, மறுபடி முயல மாட்டேன்' என்ற மாதிரி மேவன் அடம்பிடிக்கிறது.

பதுளை_டெப்:

தோல்வியையும் மேவன் சேமித்து வைக்கும். '.எம்2'க்குள் 'லாஸ்ட்அப்டேட்டட்' என்று முடியும் பைல்கள் இருக்கும். ஃபைண்ட் கட்டளையால் தேடி அத்தனையையும் அழியுங்கள், அல்லது மேவனுக்குப் பெரிய எழுத்தில் '-யூ' கொடுங்கள். கரண்ட் போன நேரத்தில் பாதி எழுதப்பட்ட ஜார் இருந்தால் பிழை வேறு மாதிரி வரும்: 'ஸிப் பைலைத் திறப்பதில் பிழை' அல்லது 'இன்வெலிட் எல்ஓசி ஹெடர்'. பிழையிலேயே பைலின் பாதை இருக்கும், அந்த ஒரு அடைவை மட்டும் அழித்தால் போதும். கோபத்தில் முழு '.எம்2'வையும் அழித்தால் நீங்கள் ஏற்றிய விம்25 ஜாரும் சேர்ந்து போய்விடும்.

லைன் மோசமான இடத்தில் இரண்டு கட்டமாகச் செய்வதுதான் நல்லது. பெக்கேஜ் கட்டளைக்கு முன், மேவனை மட்டும் தனியாக 'இன்ஸ்டோல்' வரை ஓட்டுங்கள் (நோரெடிஸ்ட் கொடி, டெவலப்பர், சிஸ்டம்விஎம் புரொஃபைல்களோடு, கிளீன் இல்லாமல்). எங்கே விழுந்ததோ அந்த மொடியூலின் பெயரை '-ஆர்எஃப்' கொடியோடும் ஒரு முக்காற்புள்ளியோடும் கொடுத்தால் அங்கிருந்தே தொடரும். டெபியன் விதிக் கோப்பு எப்படியும் கிளீன் செய்துதான் தொடங்கும், அதனால் பெக்கேஜ் கட்டளையை நடுவில் விட்டுத் தொடர முடியாது. முதல் கட்டம் ஒருமுறை முழுதாக முடிந்தால், அடுத்த முறை 'ஏசிஎஸ் பில்ட் ஒப்ட்ஸ்' மாறியில் '-ஓ' சேர்த்து இணைப்பே இல்லாமல் கட்டலாம். 'கோ-ஓஃப்லைன்' என்ற இலக்கை நம்ப வேண்டாம். இத்தனை மொடியூல் உள்ள திட்டத்தில் அது எல்லாவற்றையும் இழுத்து வைக்காது.

இடைமுகப் பகுதி மேவனுக்கு வெளியே, என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்களை இறக்கும் கருவி) வழியாக வருகிறது. அதற்கு '-ஓ' பொருந்தாது. என்பிஎம் கொன்ஃபிக்கில் 'பிரிஃபர்-ஓஃப்லைன்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். நோட் 17 அல்லது அதற்கு மேல் போட்டு 'ஓஎஸ்எஸ்எல் ஈவிபி அன்சப்போர்ட்டட்' பிழை வந்தால், 'நோட் ஒப்ஷன்ஸ்' மாறியில் 'ஓபன்எஸ்எஸ்எல்-லெகசி-புரொவைடர்' என்பதை இரட்டை ஹைஃபனோடு வையுங்கள்.

எல்லாவற்றையும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். எஸ்எஸ்ஹெச் அறுந்தாலும் பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

நானுஓயா_நெட்:

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு கேள்வி, தம்பி. உங்களிடம் விசென்டர் (இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் விஎம்வெயார் சேர்வர்) இருக்கிறதா? கிளவுட்ஸ்டெக் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டோடு நேரடியாகப் பேசாது, விசென்டர் வழியாகத்தான். 'எட்விஎம்வெயார்டிசி' கேட்பதும் விசென்டரின் முகவரி, அதில் உள்ள டேட்டாசென்டரின் பெயர், பயனர் விவரம். தனி இஎஸ்எக்ஸ்ஐ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நோரெடிஸ்ட் கட்டுவது வீண் வேலை. இலவச லைசன்ஸில் ஓடும் ஹோஸ்டை விசென்டரில் சேர்க்கவும் முடியாது. விசென்டர் 7 மிகச் சிறிய அளவிலேயே 12 ஜிபி ரெம் கேட்கும். விசென்டர் 8 என்றால் 14 ஜிபி.

லெப்_ஹட்டன்:

விசென்டர் இல்லை, இலவச லைசன்ஸ்தான். அதில் மாணவர்களுக்கான சில விஎம்கள் இருக்கின்றன, அவற்றை இழக்க முடியாது.

நானுஓயா_நெட்:

அப்படியானால் அந்த விஎம்களை நிறுத்தி, ஓவிஏ (விஎம்மை ஒரே கோப்பாக அடைக்கும் வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கேவிஎம் ஹோஸ்டில் 'விர்ட்-விடுவி' நிறுவி, உள்ளீடு '-ஐ ஓவிஏ', வெளியீடு '-ஓ லோக்கல்', வடிவம் '-ஓஎஃப் க்யூகவ்2' என்று கொடுத்தால் டிஸ்க் மாறிவிடும், வேர்ட்டியோ (கேவிஎம்மில் டிஸ்க், நெட்வேர்க் வேகமாக ஓட உதவுவது) டிரைவர் ஏற்பாட்டையும் அதுவே பார்க்கும். விண்டோஸ் விஎம் என்றால் வேர்ட்டியோ-வின் பெக்கேஜ் முன்கூட்டியே ஹோஸ்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஐடிஇ டிஸ்கோடு மெதுவாக ஓடும். வந்த க்யூகவ்2 பைலை டெம்ப்ளேட்டாகப் பதிவு செய்து, விஎம் எழும்புகிறதா என்று பார்த்த பிறகு இஎஸ்எக்ஸ்ஐயை அழித்து உபுண்டு போடுங்கள். இரண்டு கேவிஎம் ஹோஸ்ட் ஒரே கிளஸ்டரில் இருந்தால் லைவ் மைக்ரேஷனையும் மாணவர்களுக்குக் காட்டலாம்.

பதுளை_டெப்:

சரியான கேள்வி. அந்த நிலையில் நோரெடிஸ்ட் தேவையில்லை, முதலில் கட்டிய பெக்கேஜே போதும். ஆனால் கட்டிவிட்டதால் ஒரு பொறி இருக்கிறது: இரண்டு பில்டுக்கும் பைல் பெயரும் பதிப்பும் ஒன்றே. லோக்கல் ரிப்போவில் (பெக்கேஜ் களஞ்சியம்) இரண்டும் கலந்தால் எது எது என்று டெப்களை நிறுவும் ஏப்டிக்குத் தெரியாது. விஎம்வெயாரோடு உள்ளதை என்றாவது மறுபடி கட்டினால், 'டிசிஹெச் -வி' கொண்டு சேஞ்ச்லொக் பதிப்பின் கடைசியில் '+நோரெடிஸ்ட்1' சேருங்கள். கூட்டல் குறி முக்கியம். அலைக்குறி (~) போட்டால் டெபியன் கணக்கில் அது மூலப் பதிப்பைவிடக் கீழே போகும், ஏப்டி அதை மேம்படுத்தலாக எடுக்காது. பொம் பைலில் உள்ள பதிப்பைத் தொடாதீர்கள்; தரவுத்தள மேம்படுத்தல் அதைப் பார்த்துத்தான் நடக்கிறது.

ரிப்போவுக்கு டெப்களை ஒரு அடைவில் போட்டு, 'டிபிகேஜி-ஸ்கேன்பெக்கேஜஸ்' வெளியீட்டை ஜிஸிப் செய்து என்ஜின்எக்ஸ் வழியாகக் கொடுத்தால் போதும். பல பதிப்பு வைத்திருந்தால் '-எம்' கொடி வேண்டும், இல்லாவிட்டால் புதியதை மட்டும் பட்டியலிடும். கொமன், மெனேஜ்மன்ட், ஏஜன்ட் மூன்றும் ஒரே பில்டிலிருந்து வர வேண்டும்.

நோரெடிஸ்ட் டெப்பை பண்டாரவளையிலோ வேறெங்கோ உள்ள நிலையங்களுக்குக் கொடுக்க நினைத்தால், வேண்டாம். எஸ்டிகே அந்தப் பெரிய ஜாருக்குள் கரைந்திருக்கிறது. டெப்பைக் கொடுப்பது எஸ்டிகேயைக் கொடுப்பதுதான். வெளியே கொடுக்க சாதாரண பில்டை வையுங்கள்.

ரொக்கி_வெலிமடை:

ஆர்பிஎம் (ரெட் ஹெட் வழி லினக்ஸ்களின் பெக்கேஜ் வடிவம்) பக்கம் இருப்பவர்களுக்கு: பெக்கேஜிங் கோப்புறையில் 'பெக்கேஜ்.எஸ்ஹெச்' இருக்கிறது. '-டி' (டிஸ்ட்ரிபியூஷன்) கொடிக்கு அதே கோப்புறைக்குள் உள்ள உப அடைவின் பெயரைக் கொடுக்க வேண்டும், '-பி' (பெக், டெப் பக்கத்து பைனரி அல்ல) கொடிக்கு ஓஎஸ்எஸ் அல்லது நோரெடிஸ்ட். டெம்ப்ளேட்ஸ் என்பதன் முதல் எழுத்தாக இன்னொரு '-டி'யும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்: அதில் கேவிஎம் மட்டும் கொடுத்தால் அதற்கான சிஸ்டம் விஎம் (கிளவுட்ஸ்டெக் தன் சொந்த வேலைக்கு ஓட்டுவது) டெம்ப்ளேட் மட்டும் பெக்கேஜில் ஏறும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி என்பதால் மெதுவான லைனுக்கு இது பெரிய மிச்சம். ஆர்பிஎம்கள் டிஸ்ட் அடைவுக்குள் ஆர்பிஎம்பில்டில் இருக்கும், 'கிரியேட்ரிப்போ' ஓட்டினால் ரிப்போ தயார்.

ஸென்சேர்வர் (இன்னொரு ஹைப்பர்வைசர்) ஹோஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் பிளகின் சாதாரண பில்டிலேயே இருக்கிறது, ஆனால் 'விஹெச்டி-யூட்டில்' என்ற கருவி பெக்கேஜில் வராது. தனியாக இறக்கி, மெனேஜ்மன்ட் சேர்வரில் கிளவுட்ஸ்டெக்-கொமன் ஸ்கிரிப்டுகளில் ஸென்சேர்வர் அடைவுக்குள் வைத்து, இயக்க அனுமதி கொடுக்க வேண்டும். ஹோஸ்டைச் சேர்ப்பதற்கு முன்பே.