ஸ்காபரோ டிரான்ஸ்பர் ஸ்டேஷனுக்கு என்னென்ன கொண்டு போகலாம்?

கராஜ்_நிறைஞ்சவன்:
வணக்கம். பேஸ்மென்டைத் திருத்துகிறோம், கராஜுக்குள் கால் வைக்க இடமில்லை. உடைத்த டிரைவோல் (சுவருக்கு அடிக்கிற ஜிப்சம் பலகை), பழைய கதவுகள், சோபா, மெத்தை, வேலை செய்யாத டிவி, பாதி பாதியாக மிஞ்சின பெயின்ட் வாளிகள். மச்சானின் பிக்கப் இருக்கிறது, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ டிரான்ஸ்பர் ஸ்டேஷனில், அதுதான் ரொறன்ரோ நகரசபை குப்பையை வாங்குகிற இடத்தில், ஒரேயடியாகப் போய்க் கொட்டலாமா? குப்பை ஏற்றுகிற கொம்பனிக்காரர் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது.

மார்க்கம்ரோட்_அண்ணை:
தம்பி, சோபா, மெத்தை, டிவி மூன்றையும் ஏன் ஏற்றுகிறீர்கள்? தனி வீடென்றால் குப்பை நாளில் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி வைத்தால் ரொறன்ரோ நகரசபையே காசில்லாமல் எடுக்கும். மெத்தையில் மூட்டைப்பூச்சி இருந்தால் பிளாஸ்டிக்கால் சுற்றி வையுங்கள், புண்ணியமாகப் போகும். டிரைவோல், கதவு மாதிரித் திருத்த வேலைக் கழிவை வாசலில் எடுக்கமாட்டார்கள், அதற்குத்தான் பிக்கப் வேண்டும்.

லொறிக்காரன்:
அண்ணை சொன்னது சரி. அங்கே உள்ளே போகும்போது வாகனத்தோடு நிறுப்பார்கள், வெளியே வரும்போது திரும்பவும் நிறுப்பார்கள், வித்தியாசத்துக்குத்தான் காசு. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்கிறது, அதனால் இரண்டு பையோடு போவது வீண், சேர்த்துக்கொண்டு போங்கள். பெயின்ட், பற்றரி மாதிரி ஆபத்தான சாமானுக்கு வீட்டுக்காரரிடம் காசு வாங்குவதில்லை. அதைத் தனியாக அடுக்கி, தராசடியிலேயே சொல்லிவிடுங்கள். கலந்து ஏற்றினால் அங்கே நின்று பிரிக்கிற வேலை உங்களுக்குத்தான், பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான்.

கராஜ்_நிறைஞ்சவன்:
நன்றி. பெயின்டை மட்டும் வீட்டுக்கு வந்து எடுக்க ஆள் இல்லையா?

மார்க்கம்ரோட்_அண்ணை:
இருக்கிறதே, டொக்சிக் டாக்சி என்று. 10 லீட்டரிலிருந்து 50 லீட்டர் வரை இருந்தால் நகரசபையின் 311 நம்பருக்கு அடித்துப் பதியுங்கள், இலவசம்.

சும்மா_பார்க்கிறவள்:
நடுவில் ஒரு கேள்வி, அங்கே கொட்டுகிறதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது?

லொறிக்காரன்:
அது இடைத்தங்கல்தான் தங்கச்சி. பெரிய டிரெயிலரில் ஏற்றி லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற கிரீன் லேன் குப்பை நிலத்துக்கு அனுப்புவார்கள், நம்முடைய ஒன்ராறியோ லண்டன்தான். 2007இல் ரொறன்ரோ அதை வாங்கியது. வாங்கின பிறகும் கொஞ்சக் காலம் அமெரிக்காவின் மிச்சிகனுக்கு லொறி லொறியாகப் போனது, 2010 முடிவோடுதான் அது நின்றது.
கராஜ்காரரே, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், ரோட்டில் கதவு பறந்தால் டிக்கெட் மச்சானுக்குத்தான் வரும். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், முழு ஸ்காபரோவும் அங்கேதான் நிற்கும்.