கீபோர்டு எப்படிச் சாகும்? பாழடைந்த சேலத்துக்குச் சில அனுபவங்கள்

தூர எதிர்காலக் கதைகளில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. நகரம் இடிந்து கிடக்கும், மனிதர்கள் நெருப்பு மூட்டவே திண்டாடுவார்கள். ஆனால் நாயகி ஒரு பாழடைந்த கட்டிடத்துக்குள் நுழைந்து, தூசியைத் துடைத்துவிட்டு நாலு விசையைத் தட்டினால் போதும், இயந்திரம் விழித்துக்கொள்ளும். கட்டிடத்தையே தின்ற காலம் கீபோர்டை மட்டும் எப்படி விட்டுவைத்தது? அதில் எந்தப் பகுதி முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்று எழுதியவர் யோசித்தே இருக்க மாட்டார்.

சேலத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரே உலகத்தில் கதை எழுதி வருகிறோம். காலம் வெகு தொலைவு. சேர்வராயன் மலைமேல் மட்டும் மனிதர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி சரிந்துவிட்டது, கீழே சேலம் பாழ். அந்த உலகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கதையில் யாராவது ஒரு கருவியைத் தொட்டால், அது எங்களில் ஒருவர் நேரில் தொட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

முதல் அனுபவம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில். டீ கொட்டிய சாதாரண கீபோர்டு ஒன்றைக் கடைக்காரர் கழற்றிக்கொண்டிருந்தார். விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள், அதற்கும் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடின. நடுத் தாளில் வெறும் ஓட்டைகள்தான். விசையை அமுக்கினால் மேல் கோடும் கீழ்க் கோடும் அந்த ஓட்டை வழியே தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் வேலை. டீ பட்ட இடத்தில் ஒரு கோடு முடியளவுக்குக் கறுத்து அறுந்திருந்தது. "ஒரு லைன் போச்சுன்னா அந்த லைன்ல இருக்கிற எல்லா எழுத்தும் போயிருங்க" என்றார். விசைகள் வரிசையும் நெடுக்குமாகக் கோடுகளைப் பங்குபோட்டுக்கொள்வதால் அப்படி. இயந்திரம் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. சில எழுத்துகளை மட்டும் மறந்துபோகிறது. எங்கள் உலகத்தில் இதற்குப் பிறகு எந்தக் கீபோர்டும் முழுசாகக் கிடைப்பதில்லை.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் வெள்ளித்தூள் கலந்த மையில் அச்சிட்டவை. செவ்வாய்ப்பேட்டையில் நின்றுகொண்டு வெள்ளி என்று கேட்டால் மனசு சும்மா இருக்குமா? கொலுசுப் பட்டறைக்காரர்களின் வாரிசுகள் எங்கள் கதையில் கீபோர்டு தாள்களைக் குவித்து எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளி எடுக்கிறார்கள். ஒரு தாளில் கிடைப்பது துளிக்கும் துளி. அதற்காக ஊர் ஊராகச் சுரண்டுகிறார்கள். எழுதத் தெரிந்த மலைவாசிகளுக்கும் உருக்கத் தெரிந்த கீழ்நாட்டாருக்கும் நடக்கும் சண்டை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

மலைமேல் சாவு வேறு விதம். எங்களில் ஒருவர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு பார்த்தவர். அங்கே மூலையில் கிடந்த பழைய கீபோர்டைத் திறந்தபோது, உள்ளே சர்க்யூட் போர்டின் செம்பு விளிம்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்ததாம். மாதக்கணக்கில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிற ஊர் அது. ஸ்பிரிங்குகளில் துரு. ரப்பர் குமிழ்கள் இறுகிப்போய், அமுக்கினால் எழும்பவில்லை. கீழே சேலத்தில் வெயிலும் கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் தூசியும் கொல்லும் என்றால், மேலே ஈரம் கொல்லும். எங்கள் கதையில் வியாபாரிகள் கீபோர்டின் நிறத்தைப் பார்த்தே அது எந்த வளைவுக்கு மேலே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் ஒரு அக்கா கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கிறார். அவருடைய கீபோர்டில் எழுத்தே கிடையாது. அச்சிட்ட எழுத்தெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்து, நடு வரிசை கண்ணாடிபோல் பளபளக்கிறது. எழுத்து இல்லாமல் எப்படி அக்கா என்று கேட்டேன். "எழுத்து இருந்தா பாக்கத் தோணும் தம்பி. பாத்தா வேகம் போயிரும்" என்றார். என் கையைப் பிடித்து இரண்டு விசைகள்மேல் வைத்தார். இரண்டிலும் ஒரு சின்ன மேடு. அநேகமாக எல்லாக் கீபோர்டிலும் எஃப், ஜே இரண்டிலும் இருக்கிற அதே மேடுதான். எழுத்து அழிந்தாலும் அது அவ்வளவு சுலபத்தில் அழிவதில்லை.

1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் எஃப் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, ஜே இடத்தில் ப. இடது மேட்டிலிருந்து வெளிப்பக்கம் போனால் உ, இ, அ. வலது மேட்டிலிருந்து போனால் ம, த, ந, ய. கண் தெரியாத ஒரு கிழவி பேத்திக்கு இதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை அன்றைக்கே எழுதிவிட்டேன். வெறும் இரண்டு மேட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு பலகை முழுவதையும் மீட்டெடுக்கிறாள்.

இதில் இன்னொரு விஷயம். கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது அனுப்புவது விசையின் இடத்துக்கான எண்ணை மட்டும். யுஎஸ்பி கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தின் எண் 4. அந்த 4 திரையில் ஏ ஆவதும் தமிழ்99-இல் அ ஆவதும் கணினிக்குள் இருக்கும் அட்டவணையின் வேலை. அட்டவணை தொலைந்துபோன உலகத்தில் எண்கள் மட்டும் மிஞ்சினால்? எங்கள் மலையில் ஒரு கூட்டம் தமிழ்99 பாட்டை வைத்திருக்கிறது. இன்னொரு கூட்டம் பழைய டைப்ரைட்டர் வரிசையை வைத்திருக்கிறது. ஒரே எண் தொடரை இரண்டு கூட்டமும் படித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வாசகங்கள் வரும். முழு நாவலுக்கான விதை இது, பேராசையோடுதான் சொல்கிறேன்.

டைப்ரைட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சில் நகரா விசை என்று ஒன்று உண்டு. புள்ளியை அடித்தால் தாள் நகராது, அதே இடத்தில் மெய்யின் உருவை அடுத்து அடிக்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பரீட்சை முடித்தவர்களுக்கு இது விரலில் ஊறியிருக்கும். மின்சாரம் வேண்டாம், ரிப்பன் இருந்தால் போதும். டச் ஸ்கிரீனை நாங்கள் விட்டுவிட்டோம். மின்சாரம் போனால் அது வெறும் கண்ணாடி.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத கருவி. அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பத்து நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நீள அட்டைகள், வரிசையாக ஓட்டைகள், ஒன்றோடொன்று நூலால் கோத்தவை. தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஊசிகளின்மேல் வந்து மோதும். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி நீளவாக்கில் ஓடும் பாவு இழையைத் தூக்கும். இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குப் போகும், இழை அப்படியே கிடக்கும். 1804-ஐ ஒட்டி பிரான்சில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய இந்த முறையின் வழியில்தான் பின்னாளில் கணக்கு இயந்திரங்களின் துளை அட்டைகளும் வந்தன. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அப்படித்தான் எண்ணினார்கள்.

நண்பர் ஒரு அட்டைக்கட்டை இறக்கிக் காட்டினார். ஓரத்தில் கரையான் அரித்திருந்தது. ஒரு அட்டையில் மட்டும் அது அரித்த ஓட்டை, குத்திய ஓட்டைகளின் வரிசையிலேயே சரியாக விழுந்திருந்தது. இதை மாட்டி நெய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தூக்கக் கூடாத இழை தூக்கும், பார்டரில் அந்தப் பூ வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிழை வரும், தாள் ஒட்டி மூட வேண்டும் என்றார். நான் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தேன். குத்திய ஓட்டையின் விளிம்பு சுத்தமாக வெட்டியிருக்கும். இது சொரசொரவென்று இருந்தது. விரலுக்குத் தெரிகிற அந்த வித்தியாசம் தறிக்குத் தெரியாது.

இப்போது எங்கள் உலகத்தில் கணினிகளைவிட நெடுநாள் பேசுவது தறிதான். மலையிலிருந்து இறங்கிவரும் பேத்திக்கு அம்மாபேட்டைப் பாழில் ஒரு அட்டைக்கட்டு கிடைக்கிறது. பாதி மனிதன் குத்தியது, பாதி கரையான் குத்தியது. எதை நம்புவது என்று அவள் ஒவ்வொரு விளிம்பாகத் தடவிப் பார்க்கிற அத்தியாயம் பாதியில் நிற்கிறது.

மவுஸுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடியில் ரப்பர் உருண்டை வைத்த பழைய மவுஸைக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் எடுத்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். அந்த உருண்டை வெடிப்பு விட்டதையோ இறுகிப்போனதையோ பார்த்திருந்தால் சொல்லுங்கள். உருண்டையை மேலே வைத்து விரலால் உருட்டும் டிராக்பால் தொட்டவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.