புதுப்பிப்பு: ஃபோர்ட்ரானில் -5இல் தொடங்கும் அணி, சப்ரூட்டினுக்குள் 1இல் தொடங்குவது (தீர்ந்தது)

ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் (-5:5) என்று, அதாவது உறுப்புகளின் எண்கள் -5 முதல் 5 வரை என அறிவித்த அணியைச் சப்ரூட்டினுக்கு (துணை நிரலுக்கு) அனுப்பினால், உள்ளே எல்பவுண்ட் (அணியின் கீழ் எல்லையைச் சொல்லும் சார்பு) 1 என்று காட்டுவது ஏன் எனக் கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

இரண்டாவதாக வந்த யோசனையே பலித்தது. (:) என்று மட்டும் அறிவிக்கப்பட்ட டம்மி ஆர்க்யுமென்ட் (அனுப்பப்படும் அணியைச் சப்ரூட்டினுக்குள் குறிக்கும் பெயர்), வந்து சேரும் அணியின் நீளத்தைத்தான் பெறுகிறது. கீழ் எல்லை மொழியின் விதிப்படியே 1 ஆகிவிடுகிறது, ஆகவே இது கம்பைலரின் கோளாறு அன்று. அதை (-5:) என்று மாற்றியதும் உள்ளேயும் -5 முதல் 5 வரை சரியாக வந்தது. கீழ் எல்லை அழைப்புக்கு அழைப்பு மாறுமானால், அதைத் தனி முழு எண்ணாக அனுப்பி (கீழ்:) என்று எழுதிக்கொள்ளலாம். ஆர்க்யுமென்ட்டை அலோகேட்டபிள் (நிரல் ஓடும்போது இடம் ஒதுக்கப்படும் வகை) ஆக்கினால் எல்லைகள் தாமாகவே உடன்வரும் என்று ஒருவர் சொன்னதும் உண்மையே. ஆனால் அனுப்பப்படும் அணியும் அலோகேட்டபிளாக இருக்க வேண்டும், என்னுடையதோ நிலையான அளவுள்ளது.

எதிர்பாராத ஒன்றும் தென்பட்டது. அ என்பது என் (-5:5) அணி என்க. இன்னும் ஒதுக்கப்படாத ப என்ற அலோகேட்டபிள் அணிக்கு ப = அ என்று மதிப்பிருத்தினால் -5 நிலைக்கிறது; ப = அ(:) என்றால், பார்வைக்கு அதே வரிதான், கீழ் எல்லை மறுபடி 1. ப ஏற்கெனவே அதே நீளத்தில் ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டிலும் அதன் பழைய எல்லைகளே தொடர்கின்றன.