செட்டிங் நிற்காத நைட்ரோ இன்ஜின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ரிமோட் கார்களில் வரும் நைட்ரோ இன்ஜின் (மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி இன்ஜின்) கொஞ்சம் முரண்டு பிடித்தாலே நம் ஆட்களின் கை நேராக ஸ்க்ரூடிரைவருக்குத்தான் போகும். நண்பர் ஒருவரின் 3.5 சிசி பக்கி கார் என்னிடம் வந்தபோது அதன் நீடில்கள் (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) ஆளாளுக்குத் திருகியதில் எங்கேயோ நின்றிருந்தன.

ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் கொஞ்ச நேரம் சமர்த்தாக ஓடும், அப்புறம் தானாகவே வேகம் ஏறும். ஃபுல் த்ராட்டில் கொடுத்துப் பிறகு விட்டாலும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். லீன் (காற்றுக்கு எரிபொருள் போதாத நிலை) ஆகிவிட்டது என்று லோ எண்ட் நீடிலை (குறைந்த வேகத்துக்கானது) ரிச் (எரிபொருள் கூடுதல்) பக்கம் திருப்பினால், அடுத்த ஸ்டார்ட்டில் எரிபொருள் மிஞ்சி அணைந்துவிடும். ஒரே செட்டிங் இப்போது ரிச்சாகவும் சற்று நேரத்தில் லீனாகவும் தெரிந்தால் நான் நீடிலைச் சந்தேகிக்க மாட்டேன். எங்கேயோ காற்று உள்ளே போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இன்ஜினைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் துண்டால் அடைத்தேன். எரிபொருள் வரும் நிப்பிளையும் மூடினேன். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கிராங்கின் துளை கார்புரேட்டருக்கு நேராக வரும்படி ஃப்ளைவீலைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்; இதை விட்டால் காற்று கிராங்க்கேஸுக்குப் போகாது, சோதனையே வீண். அப்படியே தண்ணீரில் அமிழ்த்தி, கார்புரேட்டர் வாயில் ஒரு டியூபைப் பொருத்தி மெல்ல ஊதினேன். முன் பேரிங்கில் ஒன்றிரண்டு குமிழிகள் வந்தன. அது பெரும்பாலும் எல்லா இன்ஜினிலும் இருப்பதுதான். ஆனால் கார்புரேட்டர் இன்ஜினில் உட்காரும் இடத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பிரித்தால், அங்கிருந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சப்பையாகிக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

புது ஓ-ரிங் போட்டு, நீடில்களை மேனுவலில் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோனபிறகு, எட்டில் ஒரு சுற்று அளவில் இரண்டு மூன்று திருத்தம்தான் தேவைப்பட்டது. தண்ணீரில் போட்ட இன்ஜினை நன்றாகக் காயவைத்துப் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள்.

———

எனக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான், ஆனால் கசிவு டேங்க்கில். டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடும், பாதி தீர்ந்ததும் லீனாகி அடங்கிவிடும். சைலன்சரிலிருந்து வரும் அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது. என் டேங்க் மூடியின் ரப்பர் சரியாக உட்காராமல் அந்த அழுத்தம் வெளியே போய்க்கொண்டிருந்தது. டேங்க்கையும் இதே மாதிரி ஒரு குழாயை மூடி, இன்னொன்றில் ஊதி, தண்ணீரில் பார்க்கலாம். இன்ஜினைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள், வேலை குறைவு.

———

கசிவை முதலில் பார்க்கச் சொன்னது சரி, அண்ணா. கசிவு இல்லை என்று தெரிந்தபிறகு லோ எண்ட் நீடிலுக்கு நான் நம்புவது பிஞ்ச் டெஸ்ட்தான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே ஃப்யூல் லைனை நசுக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி ஓடி, வேகம் லேசாக ஏறி அணைந்தால் சரியான இடம். நசுக்கிய உடனே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடி, வேகம் எக்கச்சக்கமாக ஏறினால் ரிச். ஆறிய இன்ஜினில் இதைச் செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஹை எண்ட் நீடிலுக்கு (அதிக வேகத்துக்கானது) புகையைப் பார்ப்பேன். ஃபுல் த்ராட்டிலில் மெல்லிய நீலப் புகைக்கோடு விடாமல் தெரிய வேண்டும். புகையே இல்லாமல் சீறிக்கொண்டு ஓடுவது கேட்க ஜோராகத்தான் இருக்கும், பிஸ்டனுக்கு எமன். இந்த எரிபொருளில் எண்ணெய் கலந்தே வருகிறது. லீன் என்றால் எண்ணெயும் குறைகிறது என்று அர்த்தம். வெப்பமானி இல்லாதவர்கள் ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்று நான்கு விநாடியில் கொதித்து வற்றினால் நிம்மதி, பட்டதும் தெறித்து மறைந்தால் உடனே நிறுத்துங்கள். வெப்பமானியில் என் இன்ஜின்கள் 95 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அன்றைக்குக் கொஞ்சம் ரிச் செய்யாமல் ஓட்ட மாட்டேன்.

———

புதுசாக வாங்கிய இன்ஜினில் ஃப்ளைவீலே திரும்பவில்லை என்று பதறி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பழுதில்லை. ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் உருளை) மேலே போகப் போகக் குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகப் பிடிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள், சூட்டில் விரிந்தால் சரியாகிவிடும். ஹேர் டிரையரால் ஹெட்டைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தோம், ஓட ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது இழுத்து இழுத்து ஸ்டார்ட்டர் கயிறுதான் அறுந்து போகும். சூடாக்கியும் திரும்பவில்லை என்றால் வேறு விஷயம்: சிலிண்டரில் எரிபொருள் நிரம்பியிருக்கும். குளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கழற்றி, ஓட்டையை முகத்துக்கு நேராக வைக்காமல், கயிற்றை இழுத்து வெளியே தள்ளுங்கள்.

———

ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, மிச்சத்தையும் எரித்துவிட்டு, ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டியபின் துருப்பிடிக்காமலிருக்க விடும் எண்ணெய்) விடுவேன். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், முதலில் துருப்பிடிப்பது பின் பேரிங். வைக்கும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்கிறேன், ஸ்லீவின் இறுக்கமான பகுதியில் மாட்டிக் கிடக்காது. ஃப்ளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.