கிராஃபோர்டில் கிறிஸ்டோபர் மேயர் எங்கே இருந்தார்?

கறுப்புக்குடை:
"இராக் மீது போர் தொடுப்பது என்று 2002 ஏப்ரலிலேயே முடிவெடுத்துவிட்டார்கள்; கிறிஸ்டோபர் மேயரே சாட்சி" என்று இந்த விவாத மன்றத்தில் மேற்குக்கரை நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. மேயர் 1997 முதல் 2003 வரை வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதர். யார் மறுத்தார்கள்? ஆனால் அந்த ஏப்ரலில் டெக்சாஸில் கிராஃபோர்டு பண்ணையில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் பேசியபோது அவர் அந்த அறையில் இல்லை. 2009இல், இராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டது இது. இல்லாத இடத்துக்கு ஒருவர் சாட்சியாவது எப்படி?

மேற்குக்கரை:
கண்ணால் பார்த்ததாக அவர் எங்கே சொன்னார்? அங்கே எந்த அளவுக்கு ரத்தக் கையெழுத்து விழுந்தது, அதாவது மீற முடியாத உறுதி தரப்பட்டது என்பது இன்றுவரை தமக்குத் தெளிவாகவில்லை என்றார். மறுநாள் டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் நகரில் பிளேர் ஆற்றிய உரையில்தான் அவருக்குப் பொறி தட்டியது. இராக்கில் ஆட்சி மாற்றம் பற்றி பிளேர் வெளிப்படையாகப் பேசியது, அவர் அறிந்தவரை, அதுவே முதல் முறை. 1966இல் பணியில் சேர்ந்து மாஸ்கோ, மாட்ரிட், பிரஸ்ஸல்ஸ் என்று சுற்றியவருக்கு ஓர் உரையை எடைபோடத் தெரியாதா?

கறுப்புக்குடை:
எடை போடட்டும். அறையில் இருந்தாரா?

நெய்தல்நிலம்:
அறையை விடுங்கள். பிரிட்டனின் பத்திரிகைப் புகார் ஆணையத்தின் தலைவராக இருந்துகொண்டே 2005இல் நினைவுக்குறிப்பு எழுதி நாளிதழ்களில் தொடராக வரவிட்டாரே, அது முறையா? பத்திரிகைகளைக் கண்காணிக்க வேண்டியவர் அவர். அப்போதைய துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் அவருடைய சிவப்புக் காலுறையைச் சொல்லித் திட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மேற்குக்கரை:
காலுறையைப் பார்த்து மனிதரை அளக்கிறீர்கள். விமானப்படையில் இருந்த தந்தை போரில் இறந்த சில நாட்களில் பிறந்த பிள்ளை அவர். போரைப் பற்றி அவர் லேசாகப் பேசியிருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை.

கறுப்புக்குடை:
கண்ணீர்க் கதைக்கும் அறைக்கும் என்ன தொடர்பு? மேயர் கிராஃபோர்டிலேயே இல்லை, பக்கத்து ஊரான வேக்கோவில் இருந்தார் என்று பிளேரின் தலைமை அலுவலர் ஜொனாதன் பவல் அதே விசாரணையில் சொன்னார். அறை போகட்டும், ஊரே வேறு!

மேற்குக்கரை:
பவல் பிளேரின் ஆள். அவர் வேறு எப்படிச் சொல்வார்? 2002 ஜூலை 28இல் பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, "என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன்" என்றுதான் தொடங்குகிறது. 2016இல் சில்காட் அறிக்கையோடு வெளிவந்தது. மேயர் மோப்பம் பிடித்தது சரிதானே?

கறுப்புக்குடை:
ஜூலை! நாம் பேசுவது ஏப்ரல். தேதியை நகர்த்துவது உங்களுக்குப் புதிதல்ல. முன்பு இங்கே நடந்த சூயஸ் போர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மேற்குக்கரை:
சூயஸில் நான் தந்த ஆதாரத்துக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

வெண்பலகை:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மேயர் போரை எதிர்த்தவரே அல்ல. இராக் அதிபர் சதாமை அகற்ற வேண்டும் என்பதில் அவருக்கு உடன்பாடு இருந்தது. ஆயத்தம் போதவில்லை, பிளேர் தமக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் அவருடைய குறை.

கறுப்புக்குடை:
எதிர்த்தாரா ஆதரித்தாரா என்று நான் கேட்கவே இல்லை. வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹோவுக்கும் பிரதமர் ஜான் மேஜருக்கும் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். எந்தச் சொல் தலைப்புச் செய்தியாகும் என்பது அவருக்கு அத்துப்படி. ரத்தக் கையெழுத்து என்றார், உலகமே பிடித்துக்கொண்டது. அறையில் இல்லாதவரின் சொல் அது. நான்காவது முறையாகக் கேட்கிறேன்: இருந்தாரா, இல்லையா?

மேற்குக்கரை:
முதலில் சூயஸுக்குப் பதில் சொல்லுங்கள்.