கூத்துப் படம் எடுப்பவனுக்கு 50 மி.மீ. லென்ஸ்: வைத்துக்கொள்ளவா, விற்றுவிடவா?

செய்யாறு வாத்தியார்:

வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில், சுற்று வட்டார ஊர்களுக்குப் போய் விடிய விடியப் படம் எடுப்பேன். காசுக்காக இல்லை, பைத்தியம்தான். கேமரா கேனன் 1500டி. அதோடு வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது (18-இல் அகலமாகக் காட்டும், 55-இல் கிட்டே இழுக்கும்). அப்புறம் இரண்டு வருடத்துக்கு முன்னால் 8,500 ரூபாய் கொடுத்து வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். கேள்வி இந்த 50 பற்றித்தான். பக்கத்துத் தெருத் தம்பி 5,000 தருகிறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதற்காக வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் வாய், 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறைய வாய் பெரிது). இரவு இரண்டு மணி, இரண்டு டியூப்லைட், நாலைந்து எல்இடி பல்பு. துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 வைத்தும் ஷட்டர் 1/30 நொடிதான் கிடைத்தது. கிரீடம் ஒரு கோடு, புஜக்கட்டை ஒரு கோடு, முகத்தைத் தேட வேண்டியிருந்தது. 50 வந்த பிறகு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60. முதல் ஒரு மாதம் 18-55 பையை விட்டு வெளியே வரவே இல்லை.

இப்போது நிலைமை தலைகீழ். போன வாரம் ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதால் கழிக்க உட்கார்ந்தேன். இந்த வருடம் தேறியவை என்று ஒதுக்கியது 412 படங்கள். அதில் 50-இல் எடுத்தது வெறும் 61. மீதி எல்லாம் 18-55, அதிலும் பாதிக்கு மேல் 18-க்கும் 30-க்கும் நடுவில்.

மகள் பிறந்து பதினோரு மாதம் ஆகிறது. எங்கள் கூடம் பத்தடிக்குப் பத்தடி. 50-ஐ மாட்டி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் நின்றுகொண்டிருக்கும் அம்மாவும் அவர் இடுப்பில் இருக்கும் பேத்தியும் முழுசாக அடங்க மாட்டார்கள். அவள் தவழ்ந்து கிட்டே வந்துவிட்டாலோ, 35 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. தள்ளி நின்றாலும் தொல்லை, கிட்டே போனாலும் தொல்லை.

இன்னொன்று, கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லென்ஸா, நானா என்று தெரியவில்லை. "அலமாரியில் தூங்குகிறதை வைத்துக்கொண்டு என்ன யோசனை" என்கிறார் வீட்டில். நியாயமான கேள்விதான்.

பிஸ்கட் லென்ஸ்:

விற்றுவிடுங்கள் சார். நானும் இதே 50-ஐ வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுவரில் முட்டிக்கொண்டவன். 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் வாங்குங்கள். 125 கிராம்தான், பிஸ்கட் மாதிரி தட்டையாக இருக்கும். 16 செ.மீ. வரைக்கும் கிட்டே போகலாம், பாப்பா லென்ஸைத் தொட வந்தால்கூட எடுக்கலாம். உங்கள் கேமராவில் 50 என்பது ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமராக் கணக்கில் 80. அதை வைத்துக்கொண்டு பத்தடிக் கூடத்தில் என்ன செய்வீர்கள்?

கல்யாணக் கேமரா:

வாத்தியாரே, அவசரப்படாதீர்கள். தம்பி சொல்கிற 24 நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது கூத்தைப் பற்றி, அவர் பதில் சொன்னது பாப்பாவைப் பற்றி.

கூடத்துக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பத்தடி என்றால் மூன்று மீட்டர். அந்தத் தூரத்தில் உங்கள் சென்சாரில் 50 மி.மீ. காட்டுவது நீளவாக்கில் சுமார் 1.34 மீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் நிற்கிற ஆள் ஒருவரே முழுசாக அடங்க மாட்டார். இது லென்ஸின் குற்றமில்லை, உங்கள் குற்றமும் இல்லை. வீடு கட்டிய கொத்தனாரை வேண்டுமானால் திட்டலாம். பாப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, பகலில் 18-55-இலேயே எடுங்கள். அந்த வெளிச்சத்துக்கு அது தாராளம்.

அடுத்தது ஃபோகஸ். எந்த அப்பர்ச்சரில் எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 1.8-இல்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், காசு கொடுத்து வாங்கியதை முழுசாகத் திறந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை செ.மீ. சொச்சம்தான். இரண்டு மீட்டரில் பத்து செ.மீ. சொச்சம். மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் அதைவிட அதிகம். நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டி, அப்புறம் கேமராவைக் கொஞ்சம் நகர்த்திப் படத்தை அமைக்கிறீர்களா? அந்தக் கொஞ்சத்திலேயே காதுக்குப் போய்விடும். எதிரில் இருப்பவர் ஆடுகிறவர் வேறு. 2.8-க்கு மூடுங்கள். அப்போதும் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. நாளிதழை மேஜையில் விரித்து, நடு வரியில் பேனாவால் கோடு போடுங்கள். கேமராவை அசையாமல் சாய்வாக வைத்து, அந்தக் கோட்டுக்கு ஃபோகஸ் செய்து கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம், பின்பக்கத் திரையில் பார்க்கும் லைவ் வ்யூவில் பத்துப் படம். லைவ் வ்யூ சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்வது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் லென்ஸ் மேல் பழி இல்லை. வ்யூஃபைண்டர் படங்கள் மட்டும் எப்போதும் முன்னால் அல்லது எப்போதும் பின்னால் விழுந்தால், உங்கள் மாடலில் அதைத் திருத்திக்கொள்ள மெனு கிடையாது. அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கூத்தில் எல்இடி விளக்கு என்கிறீர்கள், அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான பல்பு நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். 1/50 அல்லது 1/100 வைத்தால் தப்பிக்கலாம். வெளிச்சம் கிடைக்கிறதே என்று 1/250-க்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

கடைசியாக ஒன்று. 61 படம் குறைவு என்று எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த 61-ஐயும் தனியாகத் திறந்து, 18-55-இல் இது வந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் ஒரு 85-ஐ விற்றேன், ஒரு 35-ஐ வைத்துக்கொண்டேன்.

ஈரக்காற்று:

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வார்த்தை. வைத்துக்கொள்வதானால் துணி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நான் ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்தேன், கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை ஓடிவிட்டது. அப்புறம் யாரும் 500-க்குக்கூடக் கேட்கவில்லை. பின்னாளில் கேனனிலேயே மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கினாலும் அடாப்டர் போட்டு இதையே மாட்டலாம், அந்தக் கவலை வேண்டாம்.

செய்யாறு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி நேற்று ராத்திரி உட்கார்ந்தேன்.

நாளிதழ் சோதனையில் இரண்டும் ஒரே கோட்டில்தான் விழுந்தன. ஆக, லென்ஸ் இல்லை, நான்தான். 1.8-ஐ விட்டு இறங்காமலேயே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

61 படங்களைத் திறந்ததும்தான் எனக்கே ஆச்சரியம். அதில் 47 படங்கள் களத்திலேயே எடுத்தவை இல்லை, வேஷம் கட்டும் இடத்தில் எடுத்தவை. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கோயில் பின்பக்கமோ இருக்கும், மேலே ஒரே ஒரு பல்பு தொங்கும். பாயில் உட்கார்ந்து, ஒரு கையில் கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மீசை எழுதுவார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூட மாட்டார்கள். 18-ஐ மாட்டிக்கொண்டு போனால் அவர் முழங்காலில் இடிக்கிற தூரத்துக்குப் போக வேண்டும், என் நிழலே அவர் முகத்தில் விழும். 50-ஐ மாட்டி இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் சாய்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் என்னை மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை அங்கே 18-55-ஐ 55-க்கு இழுத்து ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அரிதாரத்தின் சிவப்பு செங்கல் பொடி மாதிரி வந்தது.

மீதி 14 படங்களில் களத்தில் எடுத்தவை ஐந்து, மகள் ஒன்பது. உண்மையைச் சொன்னால், இந்த 14-ஐயும் 18-55-இலேயே எடுத்திருக்கலாம். களத்தில் எனக்குத் திரைக்கு முன்னால் வேஷக்காரர், பின்னால் பாட்டுக்காரர்கள், முகவீணை, ஓரத்தில் போர்வையோடு தூங்கும் பையன்கள் எல்லாமே வேண்டும். விடிந்தால் படுகளம். அங்கே மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் பெரிய துரியோதனன் உருவத்துக்கு 18 மி.மீ.கூடப் போதாது, எதிர் வீட்டு மாடிக்கு ஏறினால்தான் உண்டு.

ஆகவே விற்கவில்லை. பிஸ்கட் லென்ஸ் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், சம்பள அரியர் வந்தால் 24-ஐயும் பார்க்கலாம்.

கல்யாணக் கேமரா:

47 படத்தில் ஒன்றையாவது போடுங்கள் வாத்தியாரே.

செய்யாறு வாத்தியார்:

அந்தக் குழுவிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன் அண்ணா. வேஷம் முடியாத முகம், அவர்கள் சம்மதம் வேண்டும்.

பக்கத்துத் தெருத் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம் இல்லை, பதினெட்டாம் போர்க் கூத்துக்குக் கூடவே வருகிறானாம், ஒரு மணி நேரம் 50-ஐக் கொடுத்தால் போதுமாம். கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூடியைக் கழற்றியதும் என் சட்டைப்பைக்குள் போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஏற்கனவே ஒன்றைப் போளூர்ப் பக்கம் ஒரு களத்து மண்ணில் தொலைத்தவன் நான்.